யார் முதலாளி? நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி

(கிளைக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் கிராணிமார்களுக்கும் ஆற்றிய உரையின் வாசகம்)

தலைவர் அவர்களே, செயலவைத் தோழர்களே, விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டிவிட்டுக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் கிராணிமார்களே, இளைஞர்களே!

இன்று ஒரு நீதிபதியைப் பற்றிப் பேசப்போகிறோம். அதுவும் நம் நாட்டு நீதிபதி அல்ல. இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் 1973 முதல் 1980 வரை அமர்ந்திருந்தவர். சம்பளப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்லாமல் ஜட்ஜு கதை எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நீதிபதி என்றால் உயர்ந்த நாற்காலியில் இருப்பவர், நாம் கீழே கைகட்டி நிற்பவர்கள் என்றுதான் நம் பாட்டன் காலத்திலிருந்து பழகி வந்திருக்கிறோம். ஆனால் இந்த மனிதர் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, கயிறு திரிப்பவனையும், கொத்தனாரையும், சாக்கடை ஓரம் குடியிருப்பவனையும் பார்த்து, "உன் வழக்கு என்ன, சொல்" என்று கேட்டவர். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, குத்தகைக்காரர் மூலம் வேலை பார்க்கும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியின் சோற்றையும் தொடுகிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அவர் பெயர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுப் பகுதியில் வைத்தியநாதபுரம் என்ற ஊரில் 1915ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார். தமிழ் பேசும் குடும்பம். தகப்பனார் வக்கீல். மகன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டம் பயின்று, மலபாரில் உள்ள தலச்சேரியில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்து மலபார் எப்படிப்பட்டது? நிலம் முழுவதும் ஜன்மிகள் கையில். உழுகிறவன் எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம். விவசாயிகள் எழுந்து நின்றார்கள். போலீஸ் வழக்குகள் குவிந்தன. அந்த வழக்குகளை எடுத்து நடத்தியவர்களில் இந்த இளம் வக்கீலும் ஒருவர். விளைவு, 1948இல் அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. சுமார் ஒரு மாதம் சிறையில் இருந்தார். சிறைக் கதவு உள்ளிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்பதை அவர் அப்போதே தெரிந்துகொண்டார். பின்னாளில் கைதிகளின் வழக்குகள் அவர் முன் வந்தபோது அந்த ஒரு மாதம் வீண்போகவில்லை என்பது நம் எண்ணம்.

1952இல் சென்னைச் சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. 1957இல் கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரிசபை அமைந்தபோது, கட்சி உறுப்பினராக இல்லாமலே அதில் மந்திரியானார். சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் முதலிய துறைகள் அவரிடம் இருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைதியாக இருந்தவர் சிறைகளுக்கே மந்திரி! 1959 ஜூலை 31ஆம் நாள் டில்லி சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. அவர் மறுபடியும் வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. பிறகு சட்டக் கமிஷனில் உறுப்பினர். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம்.

அங்கே அவரை மாலை போட்டு வரவேற்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்புச் சாயம் பூசிய அரசியல்வாதியை உச்ச நீதிமன்றத்தில் உட்கார வைப்பதா என்று பம்பாய் வக்கீல்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, தம் எண்ணம் தவறானது என்று பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. அங்கே சிலர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் 29 பேருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் தலையிட்டது. முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "இவர்கள் என் ஆட்களே அல்ல. நான் குத்தகைக்காரர்களோடு ஒப்பந்தம் எழுதியிருக்கிறேன். அவர்கள்தான் இவர்களைக் கூட்டி வந்தார்கள். கேட்பதானால் அவர்களைப் போய்க் கேளுங்கள்" என்றார். காகிதத்தைக் காட்டினார், கையெழுத்தைக் காட்டினார். எல்லாம் சட்டப்படிதான் இருந்தது!

இந்த வார்த்தைகளை நாம் எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா, தோழர்களே? நம் பாட்டன்மாரை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கங்காணி. கடன் கொடுத்தவரும் அவரே. ஒவ்வொரு ஆளும் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தோட்டத்திலிருந்து தலைக்காசு வாங்கியவரும் அவரே. தொழிலாளி துரையைக் கண்டு பேச முடியாது. கங்காணியைத் தாண்டிப் போக முடியாது. 1938இல் இந்திய சர்க்கார் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரும் வழக்கமும் ஒழிந்தது. ஆனால் நடுவில் ஓர் ஆளை நிறுத்தி, அவனுக்குப் பின்னால் முதலாளி ஒளிந்துகொள்ளும் தந்திரம் ஒழிந்ததா? இன்று அவனுக்குக் குத்தகைக்காரன், கொன்ட்ராக்டர் என்று பெயர். வெட்டுகிற மரம் தோட்டத்துடையது. பால் போய்ச் சேர்வது தோட்டத்துக்கு. சம்பளப் பாக்கி கேட்டால் மட்டும், "அது கொன்ட்ராக்டர் விவகாரம்" என்று ஆபீஸ் சன்னல் மூடிக்கொள்கிறது.

கோழிக்கோட்டு வழக்கு படிப்படியாக ஏறியது. தொழில் நடுவர் மன்றம் தொழிலாளிகள் பக்கம் சொன்னது. முதலாளி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். அங்கேயே மேல் அமர்வுக்குப் போனார், அங்கும் தோற்றார். டில்லிக்கு ஓடினார். 1978 ஜூலை மாதம், நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த மனுவைத் தள்ளினார். தீர்ப்பு சில பக்கங்கள்தான். அதன் கருத்தை நம் பேச்சில் சொல்வோம்.

மூலப்பொருள் யாருடையது? முதலாளியுடையது. இடம் யாருடையது? முதலாளியுடையது. கருவிகள் யாருடையவை? முதலாளியுடையவை. செய்து முடித்த சரக்கை எடுத்துக்கொண்டு போய்த் தன் வியாபாரத்துக்கு வைத்துக்கொள்பவர் யார்? அதே முதலாளி. அவர் கையை இழுத்துக்கொண்டால் அடுப்பு அணைவது யார் வீட்டில்? தொழிலாளி வீட்டில். அப்படியானால் நடுவில் எத்தனை குத்தகைக்காரர்கள் நின்றாலும், எத்தனை ஒப்பந்தங்கள் எழுதினாலும், உண்மையான முதலாளி அவரே. காகிதத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு விதிவிலக்கையும் அவர் வைத்தார்; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்துக்கும் தொழிலாளிக்கும் நடப்பில் எந்தத் தொடர்பும் இல்லை என்றால், வேறொருவர் மெய்யாகவே தனித் தொழில் நடத்துகிறார் என்றால், அப்போது அந்த வேறொருவரே முதலாளி. தொழிலாளி சொல்வதெல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய தீர்ப்பு அல்ல அது. வாழ்க்கையில் நடப்பது என்ன என்று பார்; எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதே, அவ்வளவுதான்.

அந்த 29 பேரும் தனித்தனியே நின்றிருந்தால் கோழிக்கோட்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள். வழக்கின் பெயரிலேயே அவர்கள் சங்கம் இருக்கிறது: ஆலத் தொழிற்சாலைத் தொழிலாளி யூனியன். முதலாளி ஒவ்வொரு கோர்ட்டாக ஏறும்போதெல்லாம் பின்னாலேயே ஏறிப் போன சங்கம் அது. டில்லி வரை போய்வர என்ன செலவாகும், எத்தனை மாதச் சந்தா அதற்கு வேண்டும் என்பதை நம் பொருளாளரைக் கேட்டால் சொல்வார். சந்தா எதற்கு என்று கேட்கிற தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. பெங்களூர் குடிநீர் வாரியத்தில் சில ஊழியர்களுக்கு அபராதம் விதித்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஊழியர்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாரியம், "நாங்கள் மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம், இது தொழில் அல்ல, தொழில் தகராறுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்றது. வழக்கு சிறியது, கேள்வி பெரியது. ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை எழுதியவர் கிருஷ்ணய்யர். ஒழுங்காகத் தொடர்ந்து நடக்கும் வேலை, அதில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து உழைப்பது, மக்களின் தேவைக்கான பொருளோ சேவையோ அதில் பிறப்பது. இந்த மூன்றும் இருந்தால் அது தொழில்தான். லாபம் வருகிறதா, தர்மத்துக்கு நடக்கிறதா என்பது கேள்வியே அல்ல என்றார்.

இதனால் என்ன ஆயிற்று? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்லூரி, கிளப்பு, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் சட்டத்தின் வேலிக்குள் வந்தன. அதற்கு முன் 1963இல் டில்லிப் பல்கலைக் கழகத்தின் பேருந்து ஓட்டுநர்கள் வேலை இழந்து வழக்குப் போட்டபோது, கல்வி ஒரு தொழில் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றமே அவர்களைக் கைவிட்டிருந்தது. பேருந்து ஓட்டுகிறவன் கல்லூரிக்கு ஓட்டினால் என்ன, கம்பெனிக்கு ஓட்டினால் என்ன, பசி ஒன்றுதானே! அந்தப் பழைய தீர்ப்பை 1978 தீர்ப்பு ஓரம் கட்டியது. "நாங்கள் எழுத்து வேலை பார்ப்பவர்கள், எங்களுக்கும் இதற்கும் என்ன" என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் கிராணி நண்பர்களுக்குச் சொல்கிறோம்: ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவும் கல்லூரி எழுத்தரும் அந்த ஒரு தீர்ப்பினால் பாதுகாப்புப் பெற்றவர்கள்தாம்.

1979இல் குஜராத் இரும்புக் குழாய்த் தொழிற்சாலை வழக்கு. வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று காட்டி நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லாததாகவே இருக்கட்டும், அதற்காக ஒவ்வொருவனும் என்ன குற்றம் செய்தான் என்று பாராமல் கூட்டத்தோடு கழுத்தை அறுக்கலாமா என்று கேட்டு, பெரும்பாலோரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் செய்தது அவர் தலைமையிலான அமர்வு. உடன் இருந்த நீதிபதி ஒருவர் மாறுபட்டே எழுதினார்.

தொழிற்சங்க வழக்குகளை இத்தோடு நிறுத்தி, ஏழை மனிதனின் மற்றக் கஷ்டங்களுக்கு வருவோம்.

மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற ஒரு கொத்தனார். அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டு 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் வேண்டும் என்றார். கொத்தனாருக்கு 10,000 ரூபாய் எங்கே? சகோதரர் முன்வந்தார். "உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது" என்று அவரையும் திருப்பி அனுப்பினார் மாஜிஸ்திரேட்டு. மறுபடியும் டில்லிக்கு மனு. கிருஷ்ணய்யருக்குக் கோபம் வந்தது. தெற்கே இருந்து பிழைக்கப் போன ஒரு தமிழனோ மலையாளியோ தெலுங்கனோ வடக்கே பிடிபட்டால், அந்த ஊரில் நிலம் உள்ள ஜாமீன்தாரனுக்கு அவன் எங்கே போவான் என்று கேட்டார். சொந்தக் கையெழுத்தில் 1,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொத்தனாரை விடச் சொன்னார். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

1980இல் கடன் வழக்கு ஒன்று. கொச்சி பாங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்காகக் கடன்பட்டவர்களைச் சிறையில் அடைக்க வாரண்டு பிறந்திருந்தது. கையில் பணம் இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு. கையில் இல்லாதவன் வேறு. இல்லாமைக்காக ஒருவனைச் சிறையில் போடுவது நாகரிக நாட்டில் நடக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தக் கூலிகளாக இந்த மண்ணுக்கு வந்தவர்கள், முன்பணம் தீராமல் தோட்டத்தை விட்டு ஓடினார்கள் என்று சிறைக்கு அனுப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவர்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

அடுத்தது ரட்லாம் வழக்கு. லயங்களில் குடியிருப்பவர்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ரட்லாம் ஒரு நகரம். அங்கே ஒரு தெருவில் சாக்கடை மூடப்படாமல் ஓடியது. ஆலைக் கழிவும் அதில் கலந்தது. பக்கத்துக் குடிசைகளில் கக்கூஸ் கிடையாது. ஆகவே தெருவே கக்கூஸ் ஆயிற்று. குடியிருந்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டு, கக்கூஸ் கட்டு என்று அவர் உத்தரவிட்டார். நகரசபை என்ன செய்தது? உத்தரவை நிறைவேற்றவில்லை, அதை எதிர்த்து வழக்காடியது. கடைசியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, "எங்களிடம் பணம் இல்லை" என்றது. வழக்காடப் பணம் இருந்தது. கக்கூஸ் கட்டத்தான் இல்லை! 1980 ஜூலையில் கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். மனிதன் மானத்தோடு வாழத் தேவையானதைச் செய்து கொடுப்பது நகரசபையின் முதல் கடமை. பணமில்லை என்ற சாக்கு அங்கே செல்லாது என்றார். வேலையை முடிக்கக் காலக்கெடுவும் விதித்தார். கக்கூஸ் இல்லாமல் தெருவுக்குப் போக நேர்ந்தவர்களின் வேதனையை உச்ச நீதிமன்றத்துத் தீர்ப்பில் எழுதியவர் அவர்.

பெண்களைப் பற்றிய ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்திய வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா. அந்தச் சேவையில் இருக்கும் பெண் கலியாணம் செய்துகொள்ள சர்க்காரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. ஆணுக்கு அந்த விதி இருக்கவில்லை. 1979இல் அவர் வழக்கில், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கு மட்டும் குடும்பம் இல்லையா என்று கிருஷ்ணய்யர் நெற்றியில் அடித்தாற்போல் கேட்டார்.

சிறைக் கைதிகளைப் பற்றியும் அவர் நிறைய எழுதினார். டில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி ஒருவர், பக்கத்தில் இருந்த வேறொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பொறுக்காமல் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். முத்திரைக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, வெறும் கடிதம். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தார்கள். ஏழையின் கடிதமும் வழக்காகலாம் என்ற வழி இந்தியாவில் அகலமாகத் திறந்ததில் அந்தக் கடிதத்துக்குப் பங்கு உண்டு.

1975 ஜூன் மாத விஷயத்தைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். நாம் சுருக்கமாகவே சொல்வோம். அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டு விடுமுறைக் காலம்; அப்பீலை விசாரிக்க இருந்த நீதிபதி கிருஷ்ணய்யர் ஒருவரே. சட்ட மந்திரி தொலைபேசியில் கூப்பிட்டு நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். மனுவைக் கோர்ட்டில் கொடுங்கள், என்னைப் பார்க்க அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஜூன் 24ஆம் நாள் தீர்ப்பு: பிரதமராக நீடிக்கலாம், பாராளுமன்றத்தில் உறுப்பினராக ஓட்டுப் போடக்கூடாது. பாதித் தடை! மறுநாள் இரவு நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. அவர் முழுத் தடை கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு சாராரும், தடையே கொடுத்திருக்கக் கூடாது என்று மற்றொரு சாராரும் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

புகழ்ந்துகொண்டே போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நாமும் நம்பமாட்டோம். அவரிடம் குறை இல்லையா? இருந்தது. அவர் எழுதிய ஆங்கிலம்! வக்கீல்களே அகராதியைத் தேடி ஓடும்படியான ஆங்கிலம். கயிறு திரிக்கிறவனுக்காக எழுதிய தீர்ப்பைக் கயிறு திரிக்கிறவன் மட்டுமல்ல, ஆங்கிலம் தெரிந்த கிராணியும் ஒரே மூச்சில் படித்துவிட முடியாது. அதனால்தான் அவர் தீர்ப்புகளை இப்படி நம் பேச்சில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று, சட்டத்தின் எல்லையைத் தாண்டித் தம் கொள்கையை எழுதுகிறார் என்ற குற்றச்சாட்டு. மரண தண்டனையை மிகமிகச் சுருக்கி அவர் 1979இல் எழுதிய தீர்ப்பை அடுத்த ஆண்டே ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்க மறுத்தது. தொழிலாளர் வழக்குகளில் அந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. முதலாளியின் ஒப்பந்தக் காகிதத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வதும் ஒரு கொள்கைதானே! அது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அவர் போட்ட பாதை அப்படியே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. 1982இலேயே இந்தியப் பாராளுமன்றம் தொழில் என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்து, ஆஸ்பத்திரி, கல்விக்கூடங்களை வெளியே தள்ளிச் சட்டம் செய்தது. அந்தப் பகுதி அமலுக்கு வரவே இல்லை. 2017இல் பெங்களூர்த் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய ஒன்பது நீதிபதிகள் அமர வேண்டும் என்று உத்தரவாயிற்று. 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் இலக்கணம் மறுபடியும் மாறியது. குத்தகைத் தொழிலாளர் விஷயத்திலோ, குத்தகை முறையைத் தடை செய்துவிட்டதனால் மட்டும் அந்தத் தொழிலாளிகள் தாமாகவே கம்பெனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001இல் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குத்தகை வெறும் பொய்த்திரை என்று காட்டிவிட்டால் கோழிக்கோட்டுத் தீர்ப்பு செல்லும் என்பதை அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் சுமை யார் தலையில்? பொய்த்திரை என்று காட்ட வேண்டிய தொழிலாளி தலையில். அவன் சங்கத்தின் தலையில்.

1980 நவம்பர் 14ஆம் நாள் அவர் ஓய்வு பெற்றார். 1987இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். வேடிக்கை என்னவென்றால், வெங்கட்ராமனும் ஒரு காலத்தில் சென்னையில் தொழிற்சங்க வழக்குகள் நடத்திய வக்கீல்தான். அதன் பிறகு கொச்சியில் உள்ள வீட்டில் இருந்துகொண்டு, மனுவோடு வந்தவர்களைப் பார்த்தார், எழுதினார், கூட்டங்களில் பேசினார். 2014 டிசம்பர் 4ஆம் நாள் காலமானார். இலவசச் சட்ட உதவிக்காக 1973இலேயே சர்க்காருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த குழுவின் தலைவர் அவர். அதற்கான சட்டம் இந்தியாவில் 1987இல்தான் பிறந்தது.

இனி நம் வீட்டு விஷயம். நம் நாட்டு வேலைச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் 101சி என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தச் சட்டப்படியான குற்ற வழக்கில் யார் தொழிலாளி, யார் முதலாளி என்று கண்டுபிடிக்க அது சில அடையாளங்கள் சொல்கிறது. வேலை செய்யும் முறையை யார் கட்டளையிடுகிறார்? வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்? கருவியும் சாமானும் யார் கொடுத்தது? அந்த வேலை யாருடைய தொழிலின் முக்கியப் பகுதி? யாருடைய நன்மைக்காக நடக்கிறது? சம்பளம் தவணை தவறாமல் வந்து, அதுவே தொழிலாளியின் பெரும் வருமானமாக இருக்கிறதா? கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலையில் 1978இல் கேட்ட கேள்விகளுக்கு இவை எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்!

ஆகவே இந்தக் கிளையில் குத்தகையில் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த சம்பள நாளுக்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும். யார் உங்களை வேலைக்குக் கூப்பிட்டது, பிரட்டில் பெயர் கூப்பிடுவது யார், நிரை பிரித்துக் கொடுப்பது யார், கத்தியும் வாளியும் யார் கொடுத்தது, பால் எந்த ஸ்டோரில் நிறுக்கப்படுகிறது, பணம் யார் கையிலிருந்து எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணி நண்பர்கள் எழுதிக் கொடுப்பார்கள் என்று அவர்கள் சார்பில் நாமே வாக்குக் கொடுத்துவிடுகிறோம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சம்பளச் சீட்டு இருந்தால் கிழிக்காமல் அதோடு வையுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் யாராவது இருந்தால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி முறையிட 60 நாள்தான் அவகாசம். 61ஆம் நாள் வந்து அழுதால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டுகளைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவருவார்.